குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையும் மெக்சிக அமெரிக்கர்களின் சட்டநிலையும்

கேள்வி:
1848 பிப்ரவரி 2 அன்று கையெழுத்தான குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின்படி, போரில் தோற்ற மெக்சிகோ 1.5 கோடி டாலரைப் பெற்றுக்கொண்டு கலிபோர்னியா முதல் நியூ மெக்சிகோ வரையிலான நிலப்பரப்பை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. அங்கேயே தங்கிய மெக்சிகர்கள், பழைய குடியுரிமையையே விரும்புவதாக ஓராண்டுக்குள் அறிவிக்காவிட்டால், அமெரிக்கக் குடிமக்களாகிவிடுவார்கள் என்கிறது 8ஆம் பிரிவு. ஆனால் 1790ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையருக்கு மட்டுமே குடியுரிமை பெறும் வழியைத் திறந்திருந்தது. அப்படியானால், பூர்வகுடிக் கலப்புள்ள இந்த மக்களைச் சட்டம் யாராகக் கருதியது?

முதல் பதில்:
நண்பரே, அந்தச் சட்டம் வெளிநாட்டிலிருந்து வந்து தனித்தனியாக விண்ணப்பிப்பவர்களுக்கானது. உடன்படிக்கையோ ஒரு மக்கள்தொகையை மொத்தமாகக் குடிமக்களாக்கியது. முரண்பாடு பின்னர் வந்தவர்களின் விஷயத்தில்தான் வெடித்தது. மெக்சிகோவில் பிறந்து சான் அன்டோனியோவில் வாழ்ந்த ரிக்கார்டோ ரோட்ரிகஸ் குடியுரிமை கோரியபோது, அவர் வெள்ளையர் அல்லர் என்று எதிர்ப்பு எழுந்தது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் வழி திறக்கப்பட்டிருந்தாலும், அவர் அந்த வகையிலும் சேரவில்லை. 1897இல் தீர்ப்பளித்த நீதிபதி மேக்ஸி, மானுடவியலாளரின் அளவுகோலில் ரோட்ரிகஸ் வெள்ளையராகக் கருதப்படாமல் போகலாம் என்று ஒப்புக்கொண்டே, மெக்சிகர்களை உடன்படிக்கைகள் வழியாகக் குடிமக்களாக ஏற்ற நாடு அவர்களை விலக்க எண்ணியிருக்க முடியாது என்று கூறி விண்ணப்பத்தை ஏற்றார். தோலின் நிறம் எதுவாயினும் சட்டத்தின் முன் மெக்சிகர் வெள்ளையருக்கு நிகராக வைக்கப்பட்டது இப்படித்தான்.

ஆயினும், முழு உரிமைகள் எப்போது கிடைக்கும் என்பதை 9ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. நியூ மெக்சிகோ ஒரு மாநிலமாக 1912 வரை, அதாவது 64 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் பதில்:
குடியுரிமையை மட்டும் பேசிவிட்டு நிலத்தை விட்டுவிடக் கூடாது. என் பார்வையில் மிகப் பெரிய துரோகம் நடந்தது அங்கேதான். மெக்சிகோ அரசு வழங்கிய நிலக்கொடைகளுக்கு நேரடியாக உறுதியளித்த 10ஆம் பிரிவை அமெரிக்க செனட் நீக்கிவிட்டது. அதனால் எந்த உரிமையும் பறிபோகாது என்று 1848 மே மாதம் மெக்சிகோவின் கெரெத்தாரோ நகரில் அமெரிக்கத் தூதர்கள் எழுத்தில் சமாதானம் சொன்னார்கள். ஆனால் 1851ஆம் ஆண்டுக் கலிபோர்னியா நிலச் சட்டம், தங்கள் நிலம் தங்களுடையதே என்று ஆணையத்தின் முன் நிரூபிக்கும் சுமையை உரிமையாளர்கள் தலையிலேயே ஏற்றியது. அந்த ஆணையத்திடம் போகாதவரின் உரிமை செல்லாது என்று 1889இல் பொட்டியேர் எதிர் தொமிங்கஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அச்சட்டம் உடன்படிக்கையை மீறுகிறதென்றால் அது இரு அரசுகளுக்கு இடையிலான விவகாரம் என்று கைவிரித்தது. நியூ மெக்சிகோவின் சான் மிகெல் தெல் வாதோ மக்கள் ஏறத்தாழ 3,15,000 ஏக்கர் கோரினர். ஊர்ப் பொதுநிலம் அவர்களுடையதன்று என்ற 1897ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் மிஞ்சியது சுமார் 5,000 ஏக்கர்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இருபதாம் நூற்றாண்டில் அந்த 'வெள்ளையர்' தகுதி அவர்களுக்கு ஏதேனும் பயன் தந்ததா?

முதல் பதிலளித்தவர்:
பெரும்பாலும் எதிராகவே பயன்பட்டது. டெக்சாஸின் ஜாக்சன் மாவட்ட மக்களில் சுமார் 14 விழுக்காட்டினர் மெக்சிக அல்லது லத்தீன் அமெரிக்கக் குடும்பப்பெயர் கொண்டவர்களாக இருந்தனர். ஆனால் 25 ஆண்டுகளாக அப்படிப் பெயருள்ள ஒருவர்கூட அங்கே ஜூரியில் அமர்ந்ததில்லை. மெக்சிகரும் வெள்ளையரே, ஜூரியும் வெள்ளையரே, ஆகவே பாகுபாடு இல்லை என்று டெக்சாஸ் நீதிமன்றம் வாதிட்டது. அதே மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் கழிப்பறைகளில் ஒன்று கறுப்பினத்தவருக்கு என்று குறிக்கப்பட்டு, 'ஆண்கள் இங்கே' என்ற ஸ்பானியப் பலகையையும் தாங்கியிருந்தது. 1954 மே 3 அன்று, இந்த ஜூரி விலக்கை எதிர்த்த எர்னாண்டஸ் எதிர் டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த வாதத்தைத் தள்ளியது. சமமான சட்டப் பாதுகாப்பை வழங்கும் அரசியலமைப்பின் 14ஆம் திருத்தம் வெள்ளையர், கறுப்பர் என்ற இரு வகுப்புகளுக்கு மட்டும் உரியதன்று என்று அப்போது அது தெளிவாக்கியது. அந்த வழக்கில் வாதாடிய கஸ் கார்சியாவும் கார்லோஸ் கடேனாவும் உடன்படிக்கை தந்த வெள்ளையர் தகுதியை மறுக்கவில்லை. ஊர் மெக்சிகர்களைத் தனி வகுப்பாக நடத்துகிறது என்பதையே நிரூபித்தார்கள்.