போடோ ராமலோ: சங்கத்துக்காரரா, சமரசக்காரரா?

தறிக்காரன்:
ராமலோவைப் பற்றி இங்கே யாரும் பேசுவதே இல்லை. ஜெர்மனியின் தூரிங்கியா மாநிலத்தை 2014 முதல் 2024 வரை, நடுவில் ஒரு மாத இடைவெளி தவிர, ஆண்டவர். இடதுசாரிக் கட்சியான டி லிங்கெவிலிருந்து முதலமைச்சரான முதல் ஆள். பிறந்தது மேற்கு ஜெர்மனியில். கடை விற்பனை வேலை பழகியவர். எழுதப் படிக்கத் தடுமாறவைக்கும் டிஸ்லெக்சியா இருந்ததால் பள்ளியில் படாத பாடு. 1981-ல் வணிக, வங்கி, காப்பீட்டு ஊழியர் சங்கத்தில் செயலாளர். பெர்லின் சுவர் விழுந்தபின் 1990-ல் கிழக்கே இருந்த தூரிங்கியாவுக்குப் போய் அங்கே சங்கத்தை வளர்த்தார். உளவுத்துறை இவரைக் கண்காணித்தது தவறு என்று 2013-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருஷம் முதலமைச்சர்! என் வாதம் இதுதான்: இவரைப் பேரம் பேசத் தெரிந்த சங்கத்துக்காரராகப் பார்த்தால்தான் புரியும்.

உப்புக்கல்:
பேரம் பேசி என்ன கிடைத்தது தோழர்? தூரிங்கியாவின் பிஷோஃபெரோடெ பொட்டாஷ் (உர உப்பு) சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1993 கோடையில் அதை மூடக்கூடாது என்று தொழிலாளர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ராமலோ கூடவே நின்றார், பேச்சுவார்த்தை நடத்தினார். வருஷக் கடைசியில் சுரங்கத்தை மூடியே விட்டார்கள்.

தறிக்காரன்:
கடை ஊழியர் சங்கத்துக்காரருக்குச் சுரங்க வாசலில் என்ன வேலை என்று யோசித்தீர்களா? மேற்கு ஜெர்மனிக் கம்பெனியோடு இணைக்கும் திட்டத்துக்குச் சுரங்கத் தொழிலாளர்களின் சொந்தச் சங்கத் தலைமையே தலையாட்டிவிட்டது. பட்டினி கிடந்தவர்களுக்கு வேறு நாதி இல்லை. தோற்கிற போராட்டத்தில் போய் நிற்கிறவன் சமரசக்காரனா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் 1993-லேயே நிற்கிறீர்கள். எண்களைப் பாருங்கள். 2014 டிசம்பர் 5, சட்டமன்றத்தில் முதல்வரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்பு: முதல் சுற்றில் 45 ஓட்டு, ஒன்று குறைவு. இரண்டாம் சுற்றில் 46. மொத்தம் 91 பேர். அந்த ஒற்றை ஓட்டுப் பெரும்பான்மையில், சமூக ஜனநாயகக் கட்சியையும் பசுமைக் கட்சியையும் கட்டி மேய்த்து ஐந்து வருஷம் ஓட்டினார்.
அப்புறம் 2019 தேர்தலுக்குப் பின் மறுபடி அதே ஓட்டெடுப்பு, 2020 பிப்ரவரி 5. மூன்றாம் சுற்றில் யாருக்கு ஓட்டு அதிகமோ அவர் முதல்வர். தீவிர வலதுசாரி ஏஎஃப்டி தன் வேட்பாளருக்கு ஒரு ஓட்டுகூடப் போடாமல், சட்டமன்றத்துக்குள் நுழையத் தேவையான 5 சதவீதத்தைத் தட்டுத் தடுமாறித் தாண்டிய எஃப்டிபி கட்சியின் கெம்மெரிக் பக்கம் சாய்ந்தது. கெம்மெரிக் 45, ராமலோ 44. டி லிங்கெவின் ஹென்னிக் வெல்சோ வாழ்த்துப் பூங்கொத்தைக் கொண்டுபோய்ப் புது முதல்வரின் காலடியில் போட்டார். நாடே கொதித்தது, கெம்மெரிக் விலகினார். மார்ச் 4 அன்று ராமலோ திரும்பி வந்தார். ஏஎஃப்டியின் ஹொக்கெ நீட்டிய கையைக் குலுக்கவில்லை.

உப்புக்கல்:
கை கொடுக்காததைச் சாதனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த மார்ச்சில் அவருக்குக் கிடைத்தது 42 ஓட்டு. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஓட்டுப் போடாமல் ஒதுங்கியதால்தான் நாற்காலி. அதன்பின் ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் எதிர்க்கட்சியிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. 2019-ல் 31 சதவீதம் வாங்கிய கட்சி 2024-ல் 13.1. ஏஎஃப்டி முதலிடம். பத்து வருஷப் பேரத்தின் பலன் இதுதானா? கொரோனா ஆலோசனைக் கூட்டத்தில் கேண்டி கிரஷ் விளையாடியதைத் தானே வாய்விட்டு உளறியவர் வேறு.

தறிக்காரன்:
கேண்டி கிரஷ் அசட்டுத்தனம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் 13.1-ஐ இவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். டி லிங்கெவின் பிரபலத் தலைவர் சாரா வாகன்க்னெக்ட் கட்சியைப் பிளந்துகொண்டு போனார். அவருடைய புதுக் கட்சி அங்கே வாங்கியது 15.8. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

உப்புக்கல்:
கூட்டினேன். அப்போதும் 31 வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
28.9. சண்டை வேண்டாம். அதே மனிதர் 2025-ல் தூரிங்கியாவின் தலைநகர் எர்ஃபுர்ட் பக்கம் நேரடியாக ஜெயித்து, இப்போது மத்திய நாடாளுமன்றத்தின் துணைத் தலைவர்களில் ஒருவர்.

உப்புக்கல்:
சபையில் மணி அடிக்கிற வேலையா? சரி, அங்கே பேரத்துக்கு இடமில்லை.