ராத்திரி ஆனா உள்ளங்கால் எரியுது, போர்வை பட்டாலே வலி. இதே பிரச்சினை உள்ளவங்க எப்படி தூங்குறீங்க?

ஊசிநூல்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 56, ராஜபாளையம் பக்கம், சின்னதா தையல் கடை. சுகர் 11 வருஷமா இருக்கு. பகல்ல கஸ்டமர், கட்டிங்னு ஓடிருது, பெருசா தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல படுத்தா தான் கச்சேரி ஆரம்பிக்கும். ரெண்டு உள்ளங்கால்லயும் மிளகாய அரைச்சு பூசின மாதிரி எரிச்சல், நடுவுல நடுவுல பெருவிரல்ல கரண்ட் அடிச்ச மாதிரி வெடுக்குனு ஒரு இழுப்பு. போர்வை நுனி பட்டாலே உயிர் போகுது. போர்வை இல்லாம படுத்தா கொசு, ஃபேனை கூட்டி வச்சா அந்தக் காத்து பட்டும் எரியுது. ஒரு மணிக்கு எந்திரிச்சு கட்டில் ஓரத்துல உக்காந்து மொசைக் தரையில கால ஊனிக்கிட்டு இருப்பேன், பத்து நிமிஷம் குளுகுளுன்னு இருக்கும், அப்புறம் பழைய கதை தான். வீட்டுக்காரி கல்லுப்பு போட்டு வெந்நி வச்சு குடுக்கா, அதுல கால முக்கி வைக்கேன்.

இதுல ஒரு வேடிக்கை, இவ்வளவு வலிக்கிற அதே காலு மரத்தும் கெடக்கு. போன வாரம் மெஷின் மோட்டார் பெடல்ல கால் அமுங்கி இருக்கதே தெரியாம ஒரு ஜாக்கெட் கையில தையல் விறுவிறுன்னு ஓடிருச்சு, பிரிச்சு தைக்க அரை மணி நேரம். தெருவுல ஒத்த செருப்பு கழண்டு விழுந்து பத்தடி போயிட்டேன், பின்னாடி வந்த பையன் சொல்லித்தான் தெரியும்.

இப்ப என் சந்தேகத்துக்கு வாரேன். ஜூன்ல ஹெச்பிஏ1சி (அதான் மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்டு) 12.4. இன்சுலின் ஆரம்பிச்சாங்க, நானும் சோத்தை பாதியா குறைச்சேன், செப்டம்பர்ல 7.6 வந்துச்சு, டாக்டர் கை குடுத்தாரு. ஆனா எரிச்சல் இந்த அளவுக்கு மோசமானதே ஆகஸ்ட்ல இருந்து தான். சுகர் 400ல சுத்துனப்ப நல்லா தூங்குனவன் நான். அப்ப இன்சுலின் நமக்கு ஒத்துக்கலையோ, விட்டுரலாமான்னு யோசிக்கேன். மாத்திரை: மெட்ஃபார்மின் 1000 ரெண்டு வேளை, ராத்திரி பத்து மணிக்கு சாப்பிட்டுட்டு நரம்பு வலிக்கு பிரீகாபலின் 75 ஒண்ணு, அப்புறம் மெடிக்கல்ல நானே கேட்டு வாங்குற நரம்பு சத்து மாத்திரை.

இயற்கை வழி:
ஐயா இன்சுலின்ல உள்ள கெமிக்கல் தான் நரம்பை அடிக்குது, ஊசிய உடனே நிறுத்துங்க, ஒரு மண்டலம் ஆவாரம்பூ கசாயம் குடிங்க, கால் எரிச்சல் இருந்த இடம் தெரியாது.

வார்டு அக்கா:
இயற்கை வழி சார், கசாயம் குடிக்கிறது அவரவர் இஷ்டம், ஊசிய நிறுத்துங்கன்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க, அடுத்து சுகர் ஏறி கால்ல புண்ணு வந்தா டிரெஸ்ஸிங் பண்றது நாங்க தான்.

ஊசிநூல் அண்ணே, நான் நர்ஸ், சுகர் வார்டுல பல வருஷம் இருந்திருக்கேன். நீங்க சொல்றது கற்பனை இல்ல, ரொம்ப நாள் ஏறியே கெடந்த சுகர் மளமளன்னு இறங்கினா சில பேருக்கு நரம்பு வலி புதுசா கிளம்பும், இல்ல இருக்குறது கூடும். மூணு மாசத்துல ஹெச்பிஏ1சி 2 புள்ளிக்கு மேல இறங்கினாலே இது வரலாம்னு சொல்லுவாங்க, உங்களுக்கு கிட்டத்தட்ட 5 இறங்கிருக்கு. 1930கள்லயே இதைக் கண்டு எழுதிட்டாங்க, அப்ப இன்சுலின் நியூரைட்டிஸ்னு பேரு, ஆனா இன்சுலின் மேல தப்பு இல்ல, இறங்கின வேகம் தான் காரணம், மாத்திரையால வேகமா குறைச்சவங்களுக்கும் வரும். நிறைய பேருக்கு சில மாசத்துல தணியும், சிலருக்கு வருஷம் தாண்டியும் இழுக்கும். டாக்டர்கிட்ட ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு காட்டி ஆகஸ்ட் கணக்கை சொல்லுங்க. கண்ணையும் செக் பண்ணிருங்க, இதே மாதிரி வேகமா இறங்குறப்ப விழித்திரையிலயும் பிரச்சினை கூடலாம்.

வெந்நி வேணவே வேணாம். வலிக்குற கால்னா உணர்ச்சி இருக்குன்னு அர்த்தம் இல்ல, சூடு தெரியுற நரம்பு செத்துப்போயிருக்கும். வென்னீர் பையில கால வச்சு தூங்கிட்டு மறுநாள் பெரிய பெரிய கொப்புளத்தோட வந்தவங்கள நான் எண்ணி முடியாது. ஐஸும் வேணாம்.

இன்னொன்னு, நீங்க தரையில கால ஊனினா சுகமா இருக்குன்னீங்களே, அது குளுமையாலயா, இல்ல கால தொங்கப்போடுறதாலயா? ரத்த ஓட்டம் குறைஞ்ச காலுக்கும் ராத்திரி படுத்தா வலிக்கும், தொங்கப்போட்டா குறையும். ரெண்டும் வேற வேற வைத்தியம். இன்னிக்கு ராத்திரி கால் தரையில படாம அந்தரத்துல அஞ்சு நிமிஷம் தொங்கப்போட்டு பாத்து சொல்லுங்க.

மருந்துக்கடை தம்பி:
அண்ணா வணக்கமுங்க, ஈரோட்டுல பார்மசி வச்சிருக்கேன். மூணு விஷயமுங்க. பிரீகாபலின் வயிறு நிறைய சாப்பிட்டுட்டு போட்டா வேலைக்கு வரவே ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், நீங்க பத்து மணிக்கு போடுறீங்க, ஒரு மணிக்கு தான் முழுசா ஏறும், அதுக்குள்ள நீங்க எந்திரிச்சு உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் முன்னாடியே போடலாமான்னு டாக்டர்ட்ட கேளுங்க, நீங்களா ரெண்டா போட்டுறாதீங்க, கிட்னி கிரியேட்டினின் பாத்து தான் டோஸ் வைப்பாங்க, தலைசுத்தல் வேற வரும், ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்துருவீங்க. திடீர்னு நிறுத்தவும் கூடாதுங்க.

ரெண்டாவது, மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா போட்டா பி12 குறையும், பி12 குறைஞ்சாலும் இதே எரிச்சல் இதே மதமதப்பு தான். டெஸ்ட் எடுத்தீங்களா? எடுக்கற வரைக்கும் அந்த சத்து மாத்திரையை நிறுத்தி வைக்கலாமான்னு கேட்டுக்கோங்க, இல்லாட்டி அளவு கூட காட்டி ஏமாத்திரும். அட்டையில பி6 எத்தனை மில்லிகிராம்னும் பாருங்க, பைரிடாக்ஸின்னு போட்டிருக்கும். அது அதிகமா மாசக்கணக்குல உள்ள போனா அதுவே நரம்பைக் கெடுக்கும். சத்து மாத்திரை தானேன்னு ரெண்டு மூணு கம்பெனி அட்டைய சேத்து முழுங்குறவங்க என் கடைக்கே வர்றாங்க.

கரிசக்காடு:
அந்த மிளகாய்ல இருந்து எடுக்குற கேப்சைசின் க்ரீம் பத்தி கேள்விப்பட்டேன், யாராச்சும் போட்டீங்களா?

ஊசிநூல்:
ஏற்கெனவே மிளகா பூசின மாதிரி எரியுதுங்கேன், அதுல மிளகாயையே பூசச் சொல்லுதீங்களே 😂

மருந்துக்கடை தம்பி:
சிரிக்காதீங்கண்ணா, நெசமாவே இருக்குங்க. தினம் மூணு நாலு தடவை பூசணும், முதல் வாரம் எரிச்சல் கூடும், பலன் தெரிய சில வாரம் ஆகும். வெடிப்பு, புண்ணு இருந்தா பூசக்கூடாது. பூசின கைய சோப்பு போட்டு கழுவாம கண்ணைத் தொட்டீங்கன்னா அன்னிக்கு கால் வலி மறந்துரும்.

மலை சுத்துறவன்:
வார்டு அக்கா சொன்ன மரத்த கால் விஷயத்துக்கு என் கதை. போன வருஷம் சித்திரையில திருவண்ணாமலை கிரிவலம், 14 கிலோமீட்டர், வெயில் இறங்கட்டும்னு நாலரைக்கு தான் கிளம்புனேன், ஆனா ரோடு இன்னும் தணல் மாதிரி தான் இருந்திருக்கு, கூட வந்தவங்க பூரா குதிச்சு குதிச்சு ஓரத்துக்கு ஓடுறாங்க, நான் மட்டும் ராஜா மாதிரி நடுரோட்டுல நடக்குறேன், என்ன பக்தின்னு எங்க அத்தை பாராட்டுச்சு. ரூம்ல வந்து பாத்தா வெள்ளை பெட்ஷீட்டுல நீர் வடிஞ்ச கறை, ரெண்டு குதிகாலும் கொப்புளம். ஆறுறதுக்கு ரெண்டரை மாசம். இப்ப எம்.சி.ஆர். செருப்பு, சுகர்காரங்களுக்கான மெத்து ரப்பர் செருப்பு, வீட்டுக்குள்ளயும் அதான். படுக்கப்போகும்போது செல்போன் கேமராவுல உள்ளங்கால போட்டோ எடுத்து பாத்துக்குவேன், குனிஞ்சு பாக்க தொப்பை விடாது.

அப்பா பொண்ணு:
எங்கப்பாவுக்கு இதே பிரச்சினைக்கு அமிட்ரிப்டிலின் 10 குடுத்தாங்க, அழகா தூங்குனாரு, ஆனா நாலாவது நாள் ஒண்ணுக்கு போக முடியாம தவிச்சுட்டாரு, புராஸ்டேட் வீக்கம் இருக்குறத நாங்க டாக்டர்ட்ட சொல்லவே இல்ல. மாத்தி டுலாக்ஸெட்டின் குடுத்தாங்க, இப்ப பரவால்ல. அங்கிள் உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தா முதல்லயே சொல்லிருங்க, ஹார்ட் பிரச்சினை இருந்தாலும்.

சிவகங்கச் சீமை:
அண்ணே எல்லாரும் மாத்திரை சொல்லிட்டாங்க, போர்வைக்கு ஒருத்தரும் வழி சொல்லல. ஆஸ்பத்திரில தீக்காயம் பட்டவங்களுக்கு கால்மாட்டுல வளைவா ஒரு கம்பி கூண்டு வச்சு அதுமேல போர்வை போடுவாங்கள்ல, அதே டெக்னிக் தான். எங்க சித்தப்பாவுக்கு நாங்க வச்சது பஞ்சாரம்! கோழி கவுக்குற பஞ்சாரம் தாண்ணே. பழசு ஒண்ண ஒரு பக்கம் வாய் மாதிரி வெட்டி கால்மாட்டுல கவுத்து, கால உள்ள விட்டுட்டு, மேல போர்வைய போட்டாச்சு. துணி கால்ல படாது, ஃபேன் காத்தும் நேரா அடிக்காது, கொசுவும் வராது. மூங்கில் சிலாம்பு குத்தாம இருக்க வெட்டுன இடத்துல துணி சுத்துங்க, நீங்க தான் தையக்காரராச்சே.

ஊசிநூல்:
அக்கா, ரெண்டு நாள் தொங்கப்போட்டு பாத்தேன். சும்மா தொங்கப்போட்டா ஒண்ணும் குறையல. தரையில பட்டா தான் சுகம். ஈரத்துண்ட பிழிஞ்சு படுத்தவாக்குலயே போட்டு பாத்தேன், அப்பவும் கொஞ்ச நேரம் சுகம். அப்ப குளுமை தான். வெந்நிய நிறுத்தியாச்சு.

சீமை தம்பி, பஞ்சாரம் விஷயத்தை வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், அஞ்சு நிமிஷம் சிரிச்சா, ஆனா காலைல அவ தான் சந்தையில வாங்கிட்டு வந்தா.

வார்டு அக்கா:
நல்லது அண்ணே. இருந்தாலும் டாக்டர பாக்குறப்ப பாதத்துல நாடி பாக்கச் சொல்லுங்க, கால்ல உணர்ச்சி இருக்கான்னு நைலான் நூல் மாதிரி ஒண்ண வச்சு குத்தி பாக்குற டெஸ்ட்டையும் எடுத்துருங்க. ஈரத்துண்டு அஞ்சு பத்து நிமிஷம் போதும், அப்புறம் விரல் இடுக்கை நல்லா தொடச்சிருங்க, ஈரம் நின்னா சேத்துப்புண்ணு வரும். ஒரு கால் மட்டும் திடீர்னு சிவந்து வீங்கி சூடா இருந்தா மட்டும் வெயிட் பண்ணாதீங்க, வலி இல்லாட்டியும் அன்னிக்கே போயிருங்க.

ஊசிநூல்:
மூணரை வாரம் கழிச்சு வாரேன், மன்னிக்கணும், தீபாவளி தையல், தலை நிமிர முடியல.

பி12 டெஸ்ட் எடுத்தா 168 வந்துச்சு, 200க்கு கீழன்னா குறைச்சல்னாங்க. ஊசி போட்டுக்கிட்டு இருக்கேன். நான் வாங்குன சத்து மாத்திரையில பி6 100 மில்லிகிராம் இருந்துச்சு, டாக்டர் அட்டைய வாங்கி மேசை மேல வச்சுக்கிட்டாரு, திருப்பியே தரல. இன்சுலின் அப்படியே ஓடுது. ரெண்டு ரிப்போர்ட்டையும் பாத்துட்டு அக்கா சொன்னதையே தான் சொன்னாரு, தணிய நாளாகும் பொறுத்துக்கோங்கன்னாரு. நாடி நல்லா இருக்கு. நைலான் நூல் டெஸ்ட்டுல வலது கால்ல பத்து இடத்துல நாலு இடத்துல தொட்டதே தெரியல. கண்ணுக்கு அடுத்த வாரம். பிரீகாபலின எட்டு மணிக்கே போடச் சொன்னாரு, ராத்திரி சாப்பாட்டையும் ஏழரைக்கு மாத்திட்டேன்.

எரிச்சல் போகல, பொய் சொல்லக்கூடாது. ஆனா ஒரு மணிக்கு எந்திரிக்கது வாரத்துல ரெண்டு நாளா குறைஞ்சிருக்கு. மாத்திரை பாதி, பஞ்சாரம் பாதின்னு வைங்க. வாய்ப்பக்கம் பழைய லைனிங் துணிய மடிச்சு பட்டி அடிச்சிருக்கேன், சுத்தி கொசுவலைத் துணி, அடியில ரெண்டு நாடா கட்டில் காலோட கட்ட. பேரன் அதுக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டு படுத்துக்குதான், ராத்திரி அவன வெளிய இழுக்கது தான் இப்ப எனக்கு வேலை.

பெடலுக்கு வலது கால விட்டுட்டு இடது கால்ல பழகுதேன், அதுல கொஞ்சம் உணர்ச்சி இருக்கு. இப்ப அடுத்த சந்தேகம், அடுத்த மாசம் மக வீட்டுக்கு கோயம்புத்தூர் போகணும், ராத்திரி பஸ்ஸு, அங்க நாலு நாள் தங்கல். பஞ்சாரத்த தூக்கிட்டு போனா மருமகன் என்ன நினைப்பாரு?

சிவகங்கச் சீமை:
உள்ள ஒரு சேவலயும் விட்டு கொண்டு போங்கண்ணே, சீர்னு நினைச்சுக்குவாரு.

அப்பா பொண்ணு:
அங்கிள், அங்க பிளாஸ்டிக் ஸ்டூல் ரெண்டு இருந்தா போதும், கால்மாட்டுல ரெண்டு பக்கமும் வச்சு மேல போர்வைய போட்டு ஸ்டூலுக்கு அடியில சொருகிருங்க, எங்கப்பா ஊருக்கு போனா அப்படித்தான். பஸ்ல ஷூவுக்கு பதிலா தளர்வான காட்டன் சாக்ஸ், எலாஸ்டிக் இறுக்காதது. வெள்ளை கலர் வாங்குங்க, எங்கயாச்சும் காயம்னா கறை தெரியும்.

ஊசிநூல்:
சாக்ஸ் எதுக்கும்மா வாங்கணும், கடையில வெள்ளை பனியன் துணி கெடக்கு, இன்னிக்கே தைச்சிருதேன். தையல் மடிப்பு வெளிப்பக்கம் வாரமாதிரி தைக்கணும், உள்ள இருந்தா உறுத்தும்.