சீனக் கதைகளின் சின்னப் பாத்திரங்கள் பற்றி உதவி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். சீன எழுத்தாளர் லூ சுன் 1924-இல் எழுதிய 'புத்தாண்டுப் படையல்' கதையில் வரும் லியூ அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலைந்து பக்கம்கூட வராத வேலைக்காரி அவள். மரக்கறி மட்டும் உண்பவள், உயிர்க்கொலை செய்யாதவள். அவள்தான் கதையின் நாயகியும் அதே பண்ணையார் வீட்டு வேலைக்காரியுமான, ரெண்டு புருஷனையும் இழந்த சியாங்லின் மனைவியிடம், "ரெண்டு புருஷன் கட்டினவளை எமன் ரம்பத்தால் அறுத்து ரெண்டு பேருக்கும் பங்கு வைப்பான்" என்று சொல்லிவைக்கிறாள். அதற்குப் பரிகாரம், கோயிலுக்கு ஒரு வாசற்படி காணிக்கை தருவது என்கிறாள். ஏறக்குறைய ஒரு வருடம் சேர்த்த கூலியை அந்த ஏழை அதற்கே கொடுக்கிறாள். அப்புறமும் படையல் பாத்திரத்தைத் தொட எஜமானி விடுவதில்லை. படித்து வெகுநாளாகியும் அந்த இடம் மனதை விட்டுப் போகவில்லை.

பண்ணையாரைக் கெட்டவனாகக் காட்டுவது எளிது. கெட்ட எண்ணமே இல்லாத இன்னொரு ஏழையின் வாயில் அந்தக் கொடுமையை வைத்ததுதான் கூர்மையான விமர்சனம் என்று நினைக்கிறேன். சியாவ் ஹொங்கின் 'ஹூலான் நதிக் கதைகள்' நாவலில் சிறுமி மருமகளைக் கொதிநீரில் முக்குவதை வேடிக்கை பார்க்கும் கூட்டமும் இதே வகைதான்.

இப்படிப்பட்ட பாத்திரங்கள் வரும் வேறு சீனக் கதைகள் தெரிந்தால் சொல்லுங்கள். 1949-க்குப் பிந்தியவை என்றால் மிகவும் உதவும். தமிழ் மொழிபெயர்ப்பு உங்கள் கையில் இருந்தால் பதிப்பக விவரமும் வேண்டும்.