ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கிறது: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

கீழவாசல் கணக்கர்:

எனக்குப் பெரிதாக எதுவும் வந்து போனதில்லை. தினசரி இருக்கிற படபடப்புதான். காலையில் கண் விழித்ததும் வயிற்றைக் கலக்கும். ஜவுளிக்கடையில் கணக்கு முடித்து ஷட்டர் இறக்கும்வரை கூடவே இருக்கும். வாடகை, அம்மாவின் சுகர், பையனின் ஸ்கூல் வேன், ஜி.எஸ்.டி. கட்டின ரசீது என்று ஒன்று தீர்ந்தால் அந்த இடத்தில் அடுத்தது வந்து உட்கார்ந்துகொள்ளும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நீட்டவில்லை.

மனதை விட்டுப் போகாதது ஏ.வி. பாலத்தில் நடந்தது. சாயங்கால நேரம், பஸ் நகரவில்லை. படிக்கட்டு வரைக்கும் ஆள். கோரிப்பாளையம் போய்ச் சேரவே மாட்டோம் என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான், மூச்சு மேலே ஏறி நின்றுவிட்டது. உள்ளங்கை வியர்த்துக் கம்பி வழுக்கியது. ஆட்களைத் தள்ளிக்கொண்டு பாலத்திலேயே இறங்கிவிட்டேன். பின்னால் கண்டக்டர் கத்துகிறார். திட்டுகிறார் என்று நடையை எட்டிப் போட்டேன். மனிதர் இறங்கி ஓடியே வந்துவிட்டார். டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதிக் கொடுத்திருந்த மிச்சக் காசைத் தருவதற்காக. வாங்கக் கை நீட்டினேன். கை ஆடிய ஆட்டத்தில் காசு ரோட்டில் விழுந்து உருண்டது. அவரே குனிந்து பொறுக்கி என் சட்டைப் பையில் போட்டார். "தண்ணி குடிச்சுட்டு மெதுவா போங்க சார்" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் வழியாக என்னைத்தான் பார்த்தார்கள்.

அதற்கப்புறம் அந்தப் பாலத்தில் பஸ்ஸில் போகவில்லை, சுற்றிப் போகிறேன். சுற்றிப் போனால் பயம் குறையும் என்று பார்த்தால், இப்போது ஓபுளாபடித்துறைப் பாலமும் சேர்ந்துகொண்டது.

திருநகர் டீச்சர்:

மூச்சு மேலே ஏறி நிற்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதே. எனக்கு ராத்திரியில் வந்தது. இடது கை மரத்துப் போனது, ஹார்ட்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாமே நார்மல்.

நெஞ்சில் பிடித்திருந்த கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பசையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே அந்த நர்ஸ் பிள்ளை மெதுவாகக் கேட்டது: "வீட்ல ஏதும் பிரச்சினையாக்கா?" பில் கட்டப் போயிருந்த வீட்டுக்காரர் அப்போது பார்த்துத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா" என்றேன். உண்மையில் வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் என்னைப் பற்றி ஒருத்தர் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இன்னும் ஒரே ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அந்தப் பிள்ளையின் முகம் இப்போதும் அப்படியே இருக்கிறது, பெயர்கூடத் தெரியாது.

மறுநாள் மாமியார் தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன், கூடவே வரிசையில் நின்றது அவர் மட்டும்தான். பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனது அதற்கு வெகு காலம் கழித்து. முதலில் தைராய்டு பார்க்கச் சொன்னார்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே கை நடுக்கம் வருமாம். அது சரியாக இருந்த பிறகுதான் மாத்திரை. ஆரம்பத்தில் படபடப்பு கூடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதனால் தாக்குப்பிடித்தேன். சில வாரம் போனது. ஒருநாள் காலையில் காபி போட்டு, டிபன் பாக்ஸ் கட்டி, சேலை மடிப்பு வைக்கும்போதுதான் வயிறு கலக்கவில்லை என்பதே தெரிந்தது.

திருமங்கலம், ஓய்வு பெற்றவன்:

டீச்சரம்மா எழுதியதைப் படித்து வருத்தமாக இருந்தது. ஆனாலும் மாத்திரை வரைக்கும் போயிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. போனால் விட முடியாது. எங்கள் காலத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் பார்த்தோம், வைகை காய்ந்து கிடந்த வருஷங்களைப் பார்த்தோம். படபடப்பு என்று யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்?

இருட்டோடு எழுந்து நடங்கள். மதுரையில் இருப்பவர்களுக்குத் தெப்பக்குளம் இருக்கிறது, சுற்றி வரக் கல் பாவிய நடைபாதை, காற்று. காபி, டீயைக் காலையில் ஒன்றோடு நிறுத்துங்கள், சாயங்காலம் வேண்டவே வேண்டாம். காபியே நெஞ்சை அடிக்க வைக்கும், அதை நாம் பயம் என்று எடுத்துக்கொள்வோம். வயிற்றைக் காயப் போடக் கூடாது. படுக்கிற அறையில் போன் இருக்கக் கூடாது. ராத்திரி செய்திச் சேனல் கூடாது, ஒரே விபத்தை ஒன்பது தடவை காட்டுகிறான். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். எல்லோரும் "நல்லா இழுத்து விடு" என்கிறார்கள், இழுப்பதில்தான் குறியாக இருக்கிறார்கள். வேகமாக இழுத்து இழுத்து விட்டால் தலைதான் கிறுகிறுக்கும், விரல் நுனி மரக்கும். பாலத்துத் தம்பி மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒருநாள் ஏறிவிட வேண்டியதுதான்.

என் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. பையன் ஓசூரில் வேலை, பைக்கில் போய் வருகிறான். ராத்திரி அவன் போனை எடுக்கவில்லை என்றால் நான் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். ஒருநாள் நாலுவழிச் சாலையில் 108 சத்தம். அதே ரோடுதான் ஓசூருக்கும் போகிறது. அவன் இருப்பது எத்தனையோ மைலுக்கு அப்பால், அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தம் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு விடியும்வரை நின்றேன். வீட்டுக்காரி இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள்.

மருந்துக்கடை, அண்ணா நகர்:

ஐயா நடையைச் சொன்னது சரி, காபியைச் சொன்னதும் சரி. "மாத்திரைக்குப் போனால் விட முடியாது" என்று மொத்தமாகச் சொன்னதை மட்டும் அப்படியே விட முடியாது. அதைப் படித்துவிட்டு யாராவது பாதியில் நிறுத்தினால் ஆபத்து.

இதில் இரண்டு ஜாதி மாத்திரை இருக்கிறது. அல்பிரசோலம், குளோனசிபாம் ஒரு வகை. போட்ட அரை மணி, ஒரு மணிக்குள் படபடப்பு அடங்கும். அதனால்தான் பழகிவிடும். நாளாக ஆக அதே அளவு பத்தாது. டாக்டர்கள் பொதுவாகக் கொஞ்ச நாளைக்குத்தான் எழுதுவார்கள். இரண்டையும் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அல்பிரசோலம் அரசின் கட்டுப்பாட்டுப் பட்டியலான அட்டவணை ஹெச் 1-ல் இருக்கிற மருந்து, அதை விற்றால் யாருக்கு, எந்த டாக்டர் எழுதினார் என்று தனி ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். இன்னொரு வகை எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. டீச்சர் சொல்வதைப் பார்த்தால் அவருக்குக் கொடுத்தது இந்த மாதிரிதான் இருக்கும். மெதுவாக, சில வாரம் கழித்துத்தான் வேலை செய்யும். இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று இழுக்காது. ஆனால் இரண்டு வகையையும் சட்டென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லி அளவைக் குறைத்துக் குறைத்துத்தான் விட வேண்டும். முதல் வகையை நீண்ட நாள் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம்.

இதை இவ்வளவு எழுதக் காரணம் ஒரு அம்மா. கடை எடுத்து வைக்கிற நேரத்தில் வந்தார், நாற்பது வயது இருக்கும், கையில் தூக்குவாளி. பழைய சீட்டை நீட்டினார். தேதியில் 3 என்று இருந்ததை நீலப் பேனாவால் 8 ஆக்கியிருந்தது, சீட்டு முழுக்கக் கறுப்பு மை. நான் அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவரும் அதையேதான் பார்க்கிறார். "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்ணே" என்றார். தர முடியாது, பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரியிலும் பார்ப்பார்கள், போட்டுக்கொண்டிருந்த மாத்திரையைச் சொல்லுங்கள் என்றேன். சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். எத்தனை நாளாகப் போடுகிறார் என்று கேட்பதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டார். தூக்குவாளியோடு யார் வந்தாலும் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

பாண்டி கோவில் ரோடு:

எனக்கு ஆற்றில் அழகர் இறங்குகிற நாள். ஊரே ஆற்றுக்குப் போகும், நான் மொட்டை மாடியில் நின்று வேட்டுச் சத்தம் கேட்பேன். போன தடவை மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் ஏம்மா வர மாட்டேங்குற?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை.

மேலூர் பஸ்:

திருமங்கலத்து ஐயா, எங்கள் காலத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை, சரி. இல்லாமல் இருந்ததா? எங்கள் பாட்டி யார் வீட்டை விட்டுக் கிளம்பினாலும் திரும்பி வரும்வரை சாப்பிட மாட்டார். பயந்த சுபாவம் என்று சொல்லிச் சாகும்வரை அப்படியே விட்டுவிட்டோம். அம்மாவுக்கும் அதே. இப்போது எனக்கு.

நான் மதுரையில் குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன். பஸ் ஏறியதும் அம்மாவுக்குப் போன் செய்வேன். ஒத்தக்கடையில் ஒன்று, மாட்டுத்தாவணியில் ஒன்று. நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல இல்லை, அம்மா நன்றாக இருக்கிறார் என்று கேட்க. குரலைக் கேட்டால் நிம்மதி. பத்து நிமிடத்தில் நிம்மதி தீர்ந்துவிடும், மறுபடியும் கேட்க வேண்டும். கவுன்சலிங்கில் அந்த மேடம் சொன்னது இதுதான்: ஒவ்வொரு தடவை கேட்டுச் சமாதானம் ஆகும்போதும், கேட்காமல் இருந்தால் என்னவோ ஆகியிருக்கும் என்று மனசு படித்துக்கொள்கிறது. அதனால் ஒரு நாள், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, அம்மா போனை எடுக்கக் கூடாது என்று ஏற்பாடு.

மாட்டுத்தாவணி பிளாட்பாரத்தில் நின்று அடித்தேன். எடுக்க மாட்டார் என்று தெரியும். தெரிந்தும் அடித்தேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. பதில் இல்லை என்று அந்தப் பெண் குரல் தமிழில் சொன்னது, அப்புறம் இங்கிலீஷில் சொன்னது. நான் கட் பண்ணாமல் கடைசிவரை கேட்டேன். கால் இரண்டும் கழன்றுபோன மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒருத்தர் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு "தள்ளும்மா" என்றார், தள்ளி நின்றேன். படபடப்பு உச்சிக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, தானாக இறங்கியது. அது தானாக இறங்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் அதுவரை இறங்கவே விட்டதில்லை. ராத்திரி வீட்டுக்குப் போனால் அம்மா போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி வைத்திருந்தார். கையில் இருந்தால் எடுத்துவிடுவாராம். அவரும் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

கணக்கர் அண்ணன், ஒரேயடியாகப் பாலத்தில் ஏற வேண்டாம். ஐயா சொன்ன மாதிரி மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஏறி, பாதியில் இறங்கினால் பயம்தான் ஜெயித்தது என்று ஆகிவிடும். முதலில் நடந்து கடந்து பாருங்கள். அப்புறம் கூட்டம் இல்லாத மத்தியான பஸ், கூட யாராவது. அப்புறம் தனியாக. படபடப்பு வரும். வரட்டும், இறங்கும்வரை பஸ்ஸிலேயே இருங்கள். ராத்திரியில் முடியவில்லை என்றால் 14416 இருக்கிறது, மத்திய அரசின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. காசு கிடையாது.

திருநகர் டீச்சர்:

மேலூர்ப் பிள்ளை, அம்மாவையும் ஒரு தடவை டாக்டரிடம் கூட்டிப் போ. மனநலப் பிரிவுக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிட வேண்டும், தாமதமானால் கூட்டம். பாண்டி கோவில் ரோடு, மகள் கேட்டதற்கு ஒருநாள் பதில் சொல்லுங்கள். என் பையனிடம் சொன்னேன். "வயித்து வலி மாதிரியாம்மா?" என்று கேட்டான், ஆமாம் என்றேன், விளையாடப் போய்விட்டான்.

திருமங்கலம், ஓய்வு பெற்றவன்:

மருந்துக்கடைத் தம்பி சொன்ன இரண்டு வகை எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒருவர் தூக்க மாத்திரையை விட முடியாமல் கஷ்டப்பட்டதைப் பார்த்து எழுதினேன். டீச்சரம்மா தொடர்ந்து போடட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். அந்த 14416-ஐ ராத்திரி பதினொரு மணிக்கு மேல் எடுப்பார்களா? தமிழில் பேசுவார்களா?

மேலூர் பஸ்:

24 மணி நேரமும் எடுப்பார்கள் ஐயா. முதலில் மொழி கேட்கும், தமிழ் உண்டு. நான் பேசியதே ராத்திரி ஒன்றரை மணிக்குத்தான்.