இந்தோனேசியாவில் பாதிப் பேருக்கு மேல் ஜாவாவிலேயே இருப்பது ஏன்?

வரைபடப்பிரியன் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. மகளுக்குப் புவியியல் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது கிளம்பிய சந்தேகம் இது. இந்தோனேசியாவில் 17,000 தீவுகளுக்கு மேல் இருக்கின்றன. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 27 கோடி. அதில் 15 கோடிக்கு மேல் ஜாவா என்ற ஒரே தீவில்! ஜாவாவின் பரப்பு கிட்டத்தட்ட நம் தமிழ்நாடு அளவுதான், அதாவது 1,30,000 சதுர கிலோமீட்டரை ஒட்டி வரும். 2011-இல் நம் மாநிலத்தில் இருந்தது 7.2 கோடி, அதைப் போல இரண்டு மடங்கு ஜனத்தை இதே இடத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே களிமந்தான் (போர்னியோ தீவில் இந்தோனேசியாவுக்குச் சேர்ந்த பகுதி) ஜாவாவைவிட நான்கு மடங்கு பெரிது, அங்கே 1.7 கோடிகூட இல்லை.

"அங்கே எல்லாம் காடு, அதனால்தான்" என்று மகளிடம் சொன்னேன். "ஜாவாவிலும் முன்னாடி காடுதானேப்பா இருந்திருக்கும்?" என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தலைநகரைக் களிமந்தானுக்கு மாற்றுகிறார்களே, அதனால் ஜனம் அந்தப் பக்கம் நகருமா என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

நூல்மில்காரர்:

உங்கள் மகள் சரியான இடத்தில் பிடித்திருக்கிறாள். நான் நடு ஜாவாவில் சோலோ நகரில் சில வருடம் ஒரு நூல்மில்லில் வேலை பார்த்தேன். 2014 பிப்ரவரி 13 இரவு கெலுட் எரிமலை வெடித்தது. சோலோவிலிருந்து அது நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் காலை கதவைத் திறந்தால் தெரு, ஓடு, வாழை இலை, பைக் சீட் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். கையால் தொட்டால் சிமெண்ட் மாதிரி நெறுநெறுவென்று இருந்தது. சோலோ, ஜோக்ஜகார்த்தா, சுரபாயா விமான நிலையங்களை மூடிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்துச் சாம்பலைக் கூட்டி, பழைய அரிசிச் சாக்கில் அள்ளி வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "மிளகாய்ச் செடிக்கு" என்றார்.

ஜாவாவை அங்கேதான் எனக்குப் புரிந்தது. தீவின் முதுகெலும்பு முழுக்க எரிமலைகள். அதன் மண்ணில் சுண்ணாம்புச் சத்து, மக்னீசியம், பாஸ்பரஸ் எல்லாம் இருக்கிறது, ஆறுகள் அதைக் கொண்டுவந்து சமவெளியில் பரப்புகின்றன. பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன், ஒரு வயலில் நாற்று நடுவார்கள், வரப்புக்கு அந்தப் பக்கம் அறுப்பு நடக்கும். தண்ணீருக்குக் குறைவில்லாத இடத்தில் பட்டம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

களிமந்தானில் கொதிக்கிற எரிமலை ஒன்றுகூட இல்லை. கொட்டுகிற மழை மண்ணில் இருந்த சத்தை யுகக்கணக்காகக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. காடு பச்சைப்பசேல் என்று இருந்தாலும் சத்து இருப்பது மரத்தில்தான், மண்ணில் இல்லை. மரத்தை வெட்டி எரித்து நெல் விதைத்தால் ஒன்றிரண்டு போகம் வரும், அப்புறம் நிலத்தைப் பல வருடம் தரிசாக விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அப்படி வாழ ஒரு குடும்பத்துக்கே எவ்வளவு நிலம் தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

மண்வாசம்:

நூல்மில்காரர் அண்ணா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். சாம்பல் விழுந்த உடனே உரமாகிவிடாது. கனமாக விழுந்தால் பயிரையே மூடிச் சாகடித்துவிடும். மழையிலும் வெயிலிலும் அது சிதைந்து மண்ணாக வருடங்கள் ஆகும். பழைய சாம்பல்தான் இன்றைக்குச் சோறு போடுகிறது.

இன்னொன்று. எரிமலை மட்டும்தான் காரணம் என்றால் சுமத்ராவிலும் எரிமலைகள் வரிசையாக நிற்கின்றனவே, அங்கே ஏன் 5.9 கோடிதான்? தீவோ ஜாவாவைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரிது. சுமத்ராவின் பெரும்பகுதியில் வருடம் முழுக்க மழை, கிழக்குப் பக்கம் சதுப்பும், மக்கிய செடிகொடி குவிந்த கரி நிலமும். நடு ஜாவாவிலும் கிழக்கு ஜாவாவிலும் ஒழுங்கான கோடை உண்டு, அதனால் மண் அவ்வளவாகக் கழுவப்படவில்லை. சோலோ ஆறும் பிராந்தாஸ் ஆறும் நஞ்சைக்குத் தோதாக ஓடுகின்றன.

அப்புறம் அரசாங்கங்கள் செய்ததையும் விட்டுவிடக் கூடாது. 1808-இல் வந்த டச்சு கவர்னர் டாண்டெல்ஸ் மேற்கே அன்யரிலிருந்து கிழக்கே பனாருக்கான் வரை 1,000 கிலோமீட்டர் சாலை போட வைத்தார். கூலிக்குப் போனவர்கள் ஏராளமாகச் செத்தார்கள். ஆனால் தீவு ஒரே சந்தையாக இணைந்தது. 1830-க்குப் பிறகு கிராமத்து நிலத்தில் ஒரு பங்கைக் கரும்புக்கும் அவுரிக்கும் கட்டாயமாக ஒதுக்கச் சொன்னார்கள்; கரும்புக்காக வெட்டிய வாய்க்கால் நெல்லுக்கும் பாய்ந்தது, கைகளும் நிறையத் தேவைப்பட்டன. 1815-இல், ஜாவா சில வருடம் பிரிட்டிஷார் கையில் இருந்த சமயத்தில், அவர்கள் எண்ணியபோது ஜாவாவில் 45 லட்சத்தைச் சுற்றி இருந்தார்கள் (இது குறைத்து எண்ணியது என்று பிற்கால ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்). 1930-இல் 4.17 கோடி. நஞ்சை நெல்லுக்கு ஒரு குணம் உண்டு, இன்னும் நாலு பேர் இறங்கிக் களை எடுத்து நீர் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கொடுக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன் என்பதால் இது எனக்கு வரைபடம் பார்க்காமலே தெரியும்.

மேடான்வாசி:

வேலை நிமித்தமாக சுமத்ராவில் மேடானில் இருக்கிறேன். ஜனத்தை நகர்த்தும் கதை அங்கே நூறு வருடத்துக்கும் பழையது. 1905-இல் டச்சுக்காரர்கள் நடு ஜாவாவிலிருந்து 155 குடும்பங்களை சுமத்ராவின் தெற்கு மூலையான லம்புங்கில் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். அவர்கள் புது ஊருக்குத் தங்கள் பழைய ஊர்ப் பெயரையே வைத்தார்கள், பகெலென் என்று. விடுதலைக்குப் பிறகும் இது தொடர்ந்தது, அதிபர் சுகார்த்தோ காலத்தில் மிகப் பெரிதாக நடந்தது. இன்றைக்கு லம்புங்கில் ஜாவாக்காரர்கள்தான் அதிகம்.

பலன்? 1930-இல் நாட்டு மக்களில் ஜாவாவின் பங்கு 69 சதவீதம், 2020-இல் 56. பங்கு குறைந்தது, ஆனால் தலைக்கணக்கு 4.17 கோடியிலிருந்து 15 கோடியானது. அனுப்பியவர்களைவிடப் பிறந்தவர்கள் அதிகம். பிறப்பைக் குறைத்ததில் 1970-களில் தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. "இரண்டு குழந்தை போதும்" என்ற வாசகம் அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அப்போது ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேல் இருந்தது, இப்போது இரண்டைச் சற்றுத் தாண்டி நிற்கிறது.

போன இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்பதை வரைபடத்தில் கோடு போட்டவர்கள் மறந்துவிட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய வருத்தம். அரசுத் திட்டத்திலும் சொந்த முயற்சியிலும் மதுராக்காரர்கள் (ஜாவாவை ஒட்டிய மதுரா தீவு மக்கள்) குடியேறிய நடுக் களிமந்தானில், 2001-இல் சம்பித் நகரத்தில் அவர்களுக்கும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான தயாக் மக்களுக்கும் நடந்த கலவரத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். ஆளில்லாத நிலம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பது, சுழற்சிமுறையில் விவசாயம் செய்பவருக்குத் தரிசு போட்ட சொந்த நிலம்.

மேடானையே எடுத்துக்கொள்ளுங்கள். புகையிலைத் தோட்டங்களுக்காகச் சீனர், ஜாவாக்காரர், நம் தமிழர் எல்லோரையும் கொண்டுவந்து உருவான ஊர். 1884-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. இத்தனை பேர் கலந்தும் ஒருவரோடு ஒருவர் பேச முடிவதற்கு ஒரு காரணம், ஜனத்தொகையில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும் ஜாவாக்காரர்களின் மொழியைப் பொதுமொழியாக வைக்காமல், துறைமுகங்களில் புழங்கிய மலாயைத் தேர்ந்தெடுத்ததுதான். 1928-இல் இளைஞர் மாநாட்டில் எடுத்த முடிவு அது. பெரிய கூட்டத்தார் விட்டுக்கொடுத்தார்கள், அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

நூல்மில்காரர்:

தலைநகர் விஷயத்துக்கு வருகிறேன். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஜகார்த்தாவின் வடபகுதி கடலுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, அதுவும் ஒரு காரணம். 2019-இல் அறிவித்தார்கள், 2022-இல் சட்டம் போட்டார்கள், புதுத் தலைநகருக்கு நுசந்தாரா என்று பெயர். என் கணிப்பு, அலுவலகங்கள் போகும், 15 கோடிப் பேர் போக மாட்டார்கள். மில், துறைமுகம், கல்லூரி, சொந்தபந்தம் எல்லாம் ஜாவாவில் இருக்கிறது.

வரைபடப்பிரியன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு மகள் டிரேசிங் பேப்பரில் எரிமலைகளைப் புள்ளி வைத்து, ஜனநெருக்க வரைபடத்தின்மேல் போட்டுப் பார்த்தாள். ஜாவாவும் பாலியும் அப்படியே பொருந்தின. "பப்புவாவில் கடலோரத்தை விட்டுவிட்டு நடு மலையில் ஏன்ப்பா ஜனம் இருக்கு, அங்கே எரிமலைப் புள்ளியே இல்லையே?" என்கிறாள்.

மண்வாசம்:

சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொசுவும் என்று சொல்லுங்கள். கடலோரச் சதுப்பில் மலேரியா கடுமை, 1,500 மீட்டருக்கு மேலே அது குறைவு. பப்புவா நடு மலையில் இருக்கும் பாலியெம் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து, மேட்டுப் பாத்தியில் கிழங்கு போடுகிறார்கள். அந்த டிரேசிங் பேப்பரைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நாங்களும் பார்க்கிறோம்.