400 வாட் பேனலை 20 ஆம்பியர் கன்ட்ரோலரில் மாட்டினால் எரியுமா?

கூரைவெயில்:
வேன் கூரையில் 400 வாட் சோலார் பேனல் வைக்கப்போகும் புதியவர் ஒருவரிடம், ‘20 ஆம்பியர் கன்ட்ரோலரில் மாட்டாதீர்கள், எரிந்துவிடும்’ என்று பழம்பொறி நேற்று சொல்லியிருக்கிறார். அந்தப் புதியவர் பயந்துபோய், வாங்கிய கன்ட்ரோலரை, அதாவது பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் நின்று மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியை, திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். இதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பெட்டியில் 100/20 என்று எழுதியிருந்தால், 100 என்பது பேனல் பக்கம் அது தாங்கும் உச்ச வோல்ட். 20 என்பது பேட்டரிக்கு அது அனுப்பும் உச்ச ஆம்பியர். 400 வாட்டை, பேட்டரியை ஏற்றும் 14.4 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 28 ஆம்பியர் வருகிறது. கன்ட்ரோலர் 20ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பேனலிடமிருந்து வாங்கவே வாங்காது. எரிவதற்கு இதில் என்ன இருக்கிறது?

பழம்பொறி:
என்னுடையது எரிந்தது. 100 வாட் பேனல் நான்கு, மொத்தம் 400 வாட், 20 ஆம்பியர் பெட்டி. மூன்றாவது மாதத்தில் கருகல் வாடை வந்தது, திறந்து பார்த்தால் உள்ளே கரி. நான் கையால் தொட்டுப் பார்த்ததை நீங்கள் வகுத்தல் கணக்குப் போட்டு இல்லையென்று ஆக்க முடியாது. 20 என்று எழுதியிருந்தால் 20தான்.

கூரைவெயில்:
நான்கு பேனலையும் எப்படி இணைத்திருந்தீர்கள்? தொடராகவா, பக்கமாகவா? அதைச் சொல்லுங்கள். தொடர் என்றால் வோல்ட் கூடும், பக்கம் என்றால் ஆம்பியர் கூடும். 100 வாட் பேனலின் திறந்த சுற்று வோல்ட், அதாவது எதையும் இணைக்காதபோது வரும் வோல்ட், 24 என்று வையுங்கள். நான்கைத் தொடராக இணைத்தால் 96. அது 25 டிகிரியில் அளந்த கணக்கு. குளிர் ஏற ஏறப் பேனலின் வோல்ட்டும் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு. மலையில் 5 டிகிரி விடியலில் வெயில் பட்ட கணத்தில் 102 வோல்ட் உள்ளே போகும். கன்ட்ரோலரைக் கொல்வது வோல்ட். மலைப்பக்கம் போனீர்களா, இல்லையா?

தேன்சிட்டு:
இருவரும் ஒரே வகைக் கன்ட்ரோலரைப் பற்றித்தான் பேசுகிறீர்களா? பேனலின் கூடுதல் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி ஒரு வகை, அப்படி மாற்றாத பிடபிள்யூஎம் இன்னொரு வகை. எம்பிபிடியா, பிடபிள்யூஎம்மா?

பழம்பொறி:
எங்கே போனேன், எந்த மலையில் தூங்கினேன் என்பதெல்லாம் உங்களுக்கு எதற்கு? பெட்டியில் 20 என்றுதான் எழுதியிருந்தது. ஃபியூஸ் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் குறுக்கு விசாரணை நடத்தினீர்கள். பேட்டரியின் அருகில் ஃபியூஸ் வேண்டாம், கன்ட்ரோலரின் அருகில் போதும் என்று அன்று எழுதியவர் இன்று பாடம் நடத்துகிறார்.

கூரைவெயில்:
அது பச்சைப் பொய். பேட்டரியிலிருந்து கம்பி புறப்படும் இடத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். கம்பி நடுவில் உரசிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் தீயைக் கொடுப்பது பேட்டரிதான், பேனல் இல்லை. பழைய பதிவை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. தொடரா, பக்கமா?

நான்குசக்கரம்:
வேன் கூரையில் படுக்கவைத்த 400 வாட் பேனல் எந்த நாளில் 400 வாட் கொடுத்திருக்கிறது? வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடானால், டிகிரிக்கு 0.4 விழுக்காடு என்று வைத்தாலும் 16 விழுக்காடு அங்கேயே போய்விடும். தூசியும் சாய்வும் தனி. நான் 300ஐத் தாண்டிப் பார்த்ததே இல்லை. இவர்கள் சண்டை போடும் அந்த 28 ஆம்பியரை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கூரைவெயில்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கூடுதல் பேனல் வைப்பதே மேகமூட்டத்துக்காகவும் காலை, மாலை வெயிலுக்காகவும். உச்சிவேளையில் கொஞ்சம் வீணானால் போகட்டும். 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரிக்கு 20 ஆம்பியருக்கு மேல் திணிப்பதும் நல்லதில்லை.

நான்குசக்கரம்:
உங்கள் கட்சியில் என்னைச் சேர்க்காதீர்கள். போன மாதம் எல்லாரையும் தொடராக இணைக்கச் சொன்னவர் நீங்கள். என் கூரையில் காற்றுப்போக்கியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் விழும். தொடரில் இருந்தபோது அந்த நிழல் மொத்த வரிசையையும் இழுத்தது. பக்கமாக மாற்றிய பிறகுதான் பேட்டரி நிரம்பியது.

கூரைவெயில்:
எல்லாரையும் என்று நான் சொல்லவே இல்லை. நீளமான கம்பி போடுகிறவர்களுக்குச் சொன்னேன். ஆம்பியர் குறைந்தால் கம்பியில் இழப்பு குறையும். நிழல் விழுந்த பேனலில் பைபாஸ் டையோடு இருந்தால் அந்தப் பகுதி மட்டும் விலகிக்கொள்ளும், மற்றவை ஓடும். உங்களுடையதில் டையோடு இருக்கிறதா என்று பின்பெட்டியைத் திறந்து பார்த்தீர்களா?

நான்குசக்கரம்:
பார்த்தேன். இருக்கிறது. நிரம்பவில்லை. என் பேட்டரி உங்கள் விளக்கத்தைக் கேட்டு நிரம்பாது.

தமிழ்ப்பித்து:
இவ்வளவு எழுதுகிறீர்கள், மின்னேற்றக் கட்டுப்படுத்தி என்று ஒருவரும் எழுதவில்லை. கன்ட்ரோலர், கன்ட்ரோலர் என்று படிக்கவே வலிக்கிறது.

தேன்சிட்டு:
எந்தப் பெயரில் அழைத்தாலும் சரி, வகையைச் சொல்லுங்கள். பிடபிள்யூஎம் என்றால் அது வோல்ட்டை மாற்றித் தராது, பேனலின் ஆம்பியரை அப்படியே பேட்டரிக்குக் கடத்தும். நான்கு பேனலைப் பக்கமாக இணைத்திருந்தால், ஒவ்வொன்றும் 6 ஆம்பியர் என்றாலும் 24. 20 ஆம்பியர் பெட்டியில் அது ஆபத்து. எம்பிபிடி என்றால் கூரைவெயில் சொல்வது பொருந்தும். பழம்பொறி ஐயா, உங்களுடையது எது?

தமிழ்ப்பித்து:
எந்தப் பெயரானாலும் சரி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பெயர் தவறினால் பொருளும் தவறும்.

பழம்பொறி:
பார்த்தீர்களா, 20 ஆம்பியர் பெட்டியில் ஆபத்து என்று தேன்சிட்டு அம்மாவே எழுதிவிட்டார். இனி எனக்குப் பேச்சு வேண்டியதில்லை. 20 என்றால் 20.

கூரைவெயில்:
அவர் எழுதியதில் பாதியை மட்டும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். இந்தக் காலத்தில் 400 வாட்டுக்குப் பிடபிள்யூஎம் யார் வைப்பார்கள்? நான் பேசுவது 100/20 என்று எழுதிய பெட்டியைப் பற்றி. முதல் பதிவிலேயே தெளிவாக எழுதியிருக்கிறேன். பழம்பொறி நான்கையும் தொடராக இணைத்திருக்கிறார், குளிரில் வோல்ட் மீறியிருக்கிறது. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் ஒரு புதியவரைப் பயமுறுத்துகிறார். இரண்டிரண்டாகத் தொடராக்கி, அந்த இரு வரிசையையும் பக்கமாக இணைத்திருந்தால் 48 வோல்ட்தான் வந்திருக்கும். எந்தக் குளிரிலும் 100ஐத் தொடாது. அந்தப் பெட்டி இன்றும் ஓடியிருக்கும்.

பழம்பொறி:
என் வேன் கூரையில் ஏறிப் பார்த்ததுபோல் எழுதுகிறீர்கள். குளிரில் வோல்ட் மீறியதென்றால் பெட்டி அந்த நொடியே போயிருக்க வேண்டும். என்னுடையது கோடையில், நடுப்பகலில், மூடிய அலமாரிக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. கை வைக்க முடியவில்லை. கருகல் வாடை வந்தது அன்றுதான்.

கூரைவெயில்:
மூடிய அலமாரியா? இதை முதலிலேயே சொல்வதற்கென்ன? காற்றோட்டம் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு 400 வாட்மேல் பழிபோடுகிறீர்கள். சூட்டை வெளியேற்றும் பின்புறத்துத் துடுப்புகள் செங்குத்தாக, மேலும் கீழும் இடம் விட்டு நிற்க வேண்டும். சூடு மிஞ்சினால் நல்ல கன்ட்ரோலர் தானே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். உங்களுடையது குறைக்கவில்லை என்றால் குறை பெட்டியில். சரி, தொடரா, பக்கமா?

பழம்பொறி:
அலமாரியில் வைக்கக்கூடாது என்று பெட்டியில் எழுதவில்லை. 20 என்று எழுதியிருந்தது.

தேன்சிட்டு:
எம்பிபிடியா, பிடபிள்யூஎம்மா? மூன்றாவது முறை கேட்கிறேன்.

நான்குசக்கரம்:
என் நிழல் பற்றிய கேள்வியும் அப்படியே கிடக்கிறது.

கூரைவெயில்:
என் வேனில் 2 வருடமாக 400 வாட், 100/20, இரண்டிரண்டாக. இந்த வாரம் இன்னும் 2 பேனல் ஏற்றி 600 ஆக்குகிறேன். மூன்று வரிசை ஆவதால் வரிசைக்கொரு ஃபியூஸும் போடுகிறேன். உள்ளே வரும் மின்னோட்டத்துக்குக் கையேட்டில் தனி வரம்பு கொடுத்திருக்கிறார்கள், அதற்குள்தான் இருக்கிறேன். உச்சிவெயிலில் திரையில் 20 நிற்கும் படத்தை இங்கேயே போடுகிறேன்.

பழம்பொறி:
போடுங்கள். கருகிய என் பெட்டியின் படம் என்னிடமும் இருக்கிறது. அதிலும் 20 என்றுதான் தெரிகிறது.