புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் லென்ஸ் வைத்துப் பல வருஷம் கழித்து வந்த தொல்லை: உங்கள் வீட்டில் யாருக்காவது?

சோமனூர்க்காரர்:
அப்பாவுக்குப் புரை ஆபரேஷன் முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. தறியில் இழை அறுந்தால் இன்றும் அவரேதான் பிணைப்பார். போன வருஷம் திடீரென்று, "ஒரு இழை ரெண்டாத் தெரியுது" என்றார். கண்ணாடி மாற்றிப் பார்த்தோம், சரியாகவில்லை.

கோவையில் காட்டினோம். டாக்டர் முதலில் இடது கண்ணை மூடச் சொன்னார். மூடியும் வலது கண்ணில் இரண்டாகத்தான் தெரிந்தது. இரண்டு கண்ணும் ஒத்துப் பார்க்காததால் வரும் கோளாறு என்றால், ஒன்றை மூடியதும் போய்விடுமாம். சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்துப் பார்த்தால், லென்ஸ் அது உட்கார்ந்திருக்கும் பையோடு சேர்ந்து கீழே சரிந்திருக்கிறது.

"பிளாஸ்டிக் மக்கிப் போச்சுங்களா?" என்று அப்பா கேட்டார். மக்காதாம். போர் விமானிகளின் கண்ணில் ஏறிய பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் துணுக்குகள் உறுத்தாமல் கிடந்ததைக் கவனித்துத்தானே 1949ல் லண்டனில் கண் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி முதல் லென்ஸை வைத்தார்! பழுது, பையைத் தாங்கும் நார்களில். சிலருக்கு வயதாக ஆகக் கண்ணுக்குள் பொடுகு மாதிரி வெள்ளைத் துகள் படியும். நார்கள் இற்றுப்போகும், கண் அழுத்தமும் ஏறலாம். கண்ணில் அடிபட்டவர்களுக்கும், கிட்டப்பார்வை மிக அதிகம் உள்ளவர்களுக்கும் லென்ஸ் இப்படிச் சரியலாமாம்.

அதே லென்ஸை வெள்ளை விழியோடு சேர்த்துத் தைத்து நிறுத்தினார்கள். இப்போது இழை ஒன்றுதான். இன்னொரு கண்ணிலும் துகள் இருப்பதால் அழுத்தம் பார்க்கப் போய்வருகிறோம்.

பொள்ளாச்சிக்காரர்:
எனக்குச் சரிவெல்லாம் இல்லைங்க, மங்கல்தான். லென்ஸுக்குப் பின்னால் சவ்வு படர்ந்துவிட்டதாம். யாக் லேசர் வைத்து அதில் துளை போட்டார்கள். கத்தி இல்லை, ஊசி இல்லை, கொஞ்ச நேரத்தில் முடிந்தது.

கோபிக்காரர்:
மங்கல் என்றாலே லேசர் என்று போய்விடாதீர்கள். எங்கள் அம்மாயிக்குப் புரை ஆபரேஷனுக்குப் பிறகு விழித்திரை விலகி, வாயு அடைத்து இன்னொரு ஆபரேஷன் நடந்தது. அப்புறம் சில வருஷத்தில் பார்வை பால் படர்ந்த மாதிரி ஆனது. முதலில் பார்த்த இடத்தில் சவ்வு என்று சொல்லி லேசர் வைத்தார்கள். துளி மாற்றமில்லை. வேறொரு டாக்டர் பார்த்தபோது வெளுத்திருந்தது லென்ஸே! அதன் மேல் கால்சியம் படிந்திருக்கிறது. நீர் உறிஞ்சும் வகை அக்ரிலிக் லென்ஸில், கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்தியபின் இப்படி ஆவதுண்டாம்.

லென்ஸை மாற்றுவதுதான் வழி. லேசர் வைத்துப் பையின் பின்பக்கம் திறந்து கிடந்ததால் அந்த வேலை இரட்டிப்புச் சிரமமாகிவிட்டது. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான். மங்கல் சவ்விலா லென்ஸிலா என்று லேசருக்கு முன்னால் கேளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்த லென்ஸ் அட்டையையும் எடுத்துப் போங்கள். என்ன வகை, என்ன பவர் என்று அதில் இருக்கும்.

சோமனூர்க்காரர்:
எங்கள் டாக்டர் சொன்ன இன்னொன்று: கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ அது விழித்திரைச் சமாசாரமாக இருக்கலாம். சந்தை நாள், விசேஷ நாள் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே காட்ட வேண்டும்.